அப்வாப்: தமிழாக்கத்துக்கு இணங்காத ஒரு கணக்குச் சொல்

தமிழ்வழியில் வரலாறு பயிலும் முதுகலை மாணவர்களுக்காக ஒரு சிறு வாசிப்புத் தொகுப்பை உருவாக்கும் பணியில் சில மாதங்களாக ஈடுபட்டுள்ளேன். அதன் பொருட்டு 1885ஆம் ஆண்டின் வங்காளக் குத்தகைச் சட்டத்திலிருந்து 74ஆம் பிரிவைத் தமிழாக்க அமர்ந்தேன். மிகச் சிறிய பிரிவு. குடியானவர் செலுத்தவேண்டிய உண்மையான குத்தகைக்கு மேலாக, அப்வாப், மாதோட் என்றோ அவை போன்ற வேறு பெயர்களிலோ விதிக்கப்படுபவை அனைத்தும் சட்டத்துக்குப் புறம்பானவை. அவற்றைத் தருவதாகச் செய்துகொண்ட உடன்பாடுகளும் செல்லா என்பதே அதன் சாரம். அரை மணி நேர வேலை என்று எண்ணினேன். அப்வாப் என்ற ஒரு சொல்லில் மூன்று நாள் நின்றுவிட்டேன்.

முதலில் ‘கூடுதல் வரி’ என்று எழுதி அடித்தேன். வரி என்பது அரசு வாங்குவது. இங்கே வாங்குபவர் ஜமீன்தார். அடுத்து ‘சட்டவிரோத வசூல்’ என்று எழுதினேன். ஆங்கில நூல்கள் பலவற்றில் இந்தச் சொல்லுக்கு அடைப்புக்குறிக்குள் தரப்படும் பொருள் இதுதான். ஆனால் அப்படி எழுதினால் 74ஆம் பிரிவு, ‘சட்டவிரோத வசூல் சட்டவிரோதமானது’ என்று கூறியது கூறலாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இதில் உண்டு. 18ஆம் நூற்றாண்டு முர்ஷிதாபாத்தில் அப்வாப் என்பது மறைவாக வாங்கப்பட்ட ஒன்றன்று. நவாபின் கணக்கேட்டில், தொகை குறிக்கப்பட்டு, பெயரிடப்பட்டு, ஆண்டுதோறும் வரவு வைக்கப்பட்ட இனம் அது. பிற்காலச் சட்டம் ஒன்றின் தீர்ப்பைச் சொல்லின் பொருளாக ஆக்கிவிட்டால், ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய ஆவணத்தை நாம் படிக்கும்போதே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். இந்தச் சொல்லை எப்படிப் பெயர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே, குடியானவர் எதனை எதிர்த்து நின்றார் என்பதையும் நாம் புரிந்துகொள்வோம். எனவே சொல்லின் வழியிலேயே சற்றுத் தொலைவு நடந்து பார்த்தேன்.

அரபியில் பாப் என்றால் கதவு, வாயில். செங்கடலின் வாயிலில் உள்ள பாப்-எல்-மண்டெப் நீரிணையின் பெயரில் இருப்பது இதே பாப். கதவு என்பதிலிருந்து நூலின் இயல், அதிகாரம் என்ற பொருள் கிளைத்தது. சஅதியின் குலிஸ்தான் எட்டு பாப்களாகப் பகுக்கப்பட்டிருப்பதைப் பாரசீகம் பயின்றோர் அறிவர். இயலிலிருந்து தலைப்பு, தலைப்பிலிருந்து கணக்கின் இனம். பாப் என்பதன் பன்மைதான் அப்வாப். அதாவது, சொல்லின் அடிப்படைப் பொருளில் வரியும் இல்லை, கட்டணமும் இல்லை, கூடுதல் என்பதும் இல்லை. கணக்கேட்டில் உள்ள ‘தலைப்புகள்’ என்பது மட்டுமே உண்டு. அந்தத் தலைப்பின் கீழ் எழுதப்படும் தொகைக்கே நாளடைவில் அந்தப் பெயர் ஆகிவந்தது. தொல்காப்பிய உரைமரபில் பழகியவர்கள் ஆகுபெயர் என்று எளிதாகக் கடந்துபோவார்கள். அவ்வளவு எளிதாகக் கடக்கக் கூடாது என்பதே என் கருத்து.

இங்கே இலக்கணம் பற்றி ஒரு சிறு விலகல். அப்வாப் பன்மைச் சொல் என்பது இந்திய மொழிகளில் விரைவில் மறக்கப்பட்டது. வங்காள வருவாய் ஆவணங்களின் ஆங்கிலத்தில் அதற்கு மேலும் ஒரு பன்மை விகுதி சேர்த்து ‘அப்வாப்ஸ்’ என்று எழுதினார்கள். தமிழில் நான் ‘அப்வாப்கள்’ என்று எழுதினாலும் அதே பிழையே. அரபுப் பன்மைகள் இங்கே ஒருமையாவது புதிதும் அன்று. நவாப் என்ற சொல்லே நாயிப் (பதிலாள்) என்பதன் பன்மையிலிருந்து வந்ததுதான். மரியாதைப் பன்மை ஒருமையாக நின்றுவிட்டது. நாம் நாள்தோறும் சொல்லும் ‘ஆசாமி’யும் அப்படியே. இஸ்ம் என்றால் பெயர். அதன் பன்மை வடிவங்களுள் ஒன்று அஸாமி. வருவாய்க் கணக்கில் வரிசையாக எழுதப்பட்ட ‘பெயர்கள்’, பின்னர் அந்தப் பெயருக்குரிய குடியானவரைக் குறித்து, தமிழ்நாட்டுக்கு வந்தபோது மரியாதை சற்றுக் குறைந்த ‘ஆள்’ ஆகிவிட்டது. கணக்கேட்டின் இடப்பக்கத்தில் மனிதர் பெயராக, ஆசாமியாக நிற்கிறார். மேற்பக்கத்தில் தலைப்புகளாக அப்வாப் நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ரூபாய், அணா, பைசா.

அப்வாபுக்கு எதிரில் நின்ற சொல் அஸ்ல். வேர், மூலம் என்று பொருள். இதுவும் நமக்கு அன்னியமன்று. ‘அசலும் வட்டியும்’ என்பதிலுள்ள அசல்தான் அது. அஸ்ல் ஜமா என்பது நிலத்தின் மூல மதிப்பீடு. அதற்கு மேல் வந்தவை அப்வாப். ஒரு தலைப்பு தன்னளவில் ‘கூடுதல்’ ஆகாது. அருகில் ஓர் அசல் நிலைபெற்ற பிறகே ஏனைய தலைப்புகள் கூடுதலாகின்றன.

முகலாயப் பேரரசர்கள் அப்வாபை அறியாதவர்கள் அல்லர், பலமுறை தடுத்தவர்கள். ஔரங்கசீப் காலத்து ஆவணங்களில் ‘அப்வாப்-இ-மம்னூஆ’, அதாவது தடுக்கப்பட்ட அப்வாப், என்ற தொடரே உண்டு. அவர் ஏறத்தாழ எண்பது வகையான வசூல்களை நீக்கினார் என்று எழுதும் காஃபி கான், அவற்றுள் பண்டாரி என்ற ஒன்றைத் தவிர ஏனையவற்றில் ஆணைக்குப் பயனில்லாமற்போயிற்று, ஜாகீர்தார்கள் தொடர்ந்து வாங்கினார்கள் என்றும் சேர்த்தே எழுதுகிறார். பேரரசர் தடுத்தது தலைநகரின் ஏட்டிலிருந்த தலைப்பை. பரகணாவின் ஏடு வேறு.

இனி வங்காளத்துக்கு வருவோம். இந்தச் சொல் தன் முழு உருவத்தை எடுத்தது அங்கேதான். நாம் வைத்திருக்கும் எண்கள் பெரும்பாலும் ஜேம்ஸ் கிராண்ட் 1786இல் எழுதி, பின்னர் 1812ஆம் ஆண்டின் ஐந்தாம் அறிக்கையோடு அச்சான பகுப்பாய்விலிருந்து வருபவை. கிராண்டின் முடிவுகளை ஜான் ஷோர் கடுமையாக மறுத்தார் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஆயினும் தலைப்புகளின் பெயர்களுக்கும் வரிசைக்கும் கிராண்டை விட்டால் வழியில்லை.

1722இல் முர்ஷித் குலி கான் செய்த மதிப்பீட்டில் வங்காளத்தின் ஜமா 1,42,88,186 ரூபாய். அதற்கு மேல் அவர் சேர்த்தது ஒரே ஒரு தலைப்பு: காஸ்நவீஸி. ஜமீன்தார்களின் ஆண்டுச் சன்னதுகளைப் புதுப்பித்து எழுதும் எழுத்தர்களுக்கான கட்டணம், 2,58,857 ரூபாய். எழுத்துக்கூலி என்று தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். அடுத்து வந்த ஷுஜாவுதீன் கான் நான்கு தலைப்புகளைத் திறந்தார். நஸரானா முகர்ரரி, அதாவது நிலையான காணிக்கை, 6,48,040 ரூபாய். ஸர் மாதோட், 1,52,786. மாதோட் ஃபீல்கானா, அதாவது யானைக் கொட்டிலுக்கானது, 3,22,631. ஃபௌஜ்தாரி அப்வாப், 7,90,638. ஆகமொத்தம் 19,14,095. இவற்றில் ‘நிலையான காணிக்கை’ என்ற தொடர் எனக்கு மிகவும் பிடித்தது. காணிக்கை என்பது கொடுப்பவரின் விருப்பத்தைக் குறிப்பது. முகர்ரரி என்பது அந்த விருப்பத்தை எடுத்துவிடுவது. இரண்டு சொற்களும் அருகருகே உட்கார்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஸர் மாதோட்டுக்குள் இன்னும் நுணுக்கமான தலைப்புகள் இருந்தன: ஆண்டுக் கணக்குத் தொடங்கும் புண்யாக நாளின் நஜர், அன்று ஜமீன்தார்களுக்குப் போர்த்தப்படும் கில்அத் உடையின் விலை, ஆற்றங்கரை அணைப்பு, நாஜிரின் ரசூம். மரியாதைக்காகப் போர்த்தப்பட்ட ஆடையின் விலையையும், போர்த்தப்பட்டவர் பக்கமே எழுதிவிட்டார்கள்.

அலிவர்தி கான் காலத்தில் மராட்டியப் படையெடுப்புகள். 1751 உடன்படிக்கையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் சௌத் தருவதாக ஒப்புக்கொண்டார். கிராண்ட் தரும் பட்டியலில் ‘சௌத் மராட்டா’ என்ற அப்வாபின் தொகை 15,31,817. ஆஹுக் என்ற சுண்ணாம்புத் தலைப்பில் 1,84,140. மன்சூர்கஞ்ச் நஸரானா 5,01,597. இவற்றோடு, பாழடைந்த கௌர் நகரத்தின் செங்கற்களுக்கென்று ஒரு தலைப்பு: 8,000 ரூபாய். இடைக்காலத் தலைநகர் ஒன்றின் இடிபாட்டைப் பெயர்த்துப் புதிய தலைநகர் கட்டியதன் தடம், வருவாய் ஏட்டில் ஒரு வரியாக எஞ்சியிருக்கிறது. அலிவர்தியின் கணக்கு மொத்தம் 22,25,554. மூவருடையதையும் கூட்டினால் ஏறத்தாழ 44 லட்சம். 1722இன் அசலில் நூற்றுக்கு முப்பது. மீர் காசிம் திறந்த தலைப்புகள் இதில் சேரவில்லை.

இவை அனைத்தும் நவாப் ஜமீன்தார்கள்மேல் விதித்தவை. ஜமீன்தார் இவற்றைத் தம் கையிலிருந்து தரவில்லை, குடியானவர்மேல் பகிர்ந்தார். பகிரும்போது தம்முடையதையும் சேர்த்தார். அவருக்குக் கீழிருந்த இஜாராதாரும், கோமஸ்தாவும், பியாதாவும் தத்தம் தலைப்புகளைச் சேர்த்தார்கள். மாதோட் என்ற சொல்லே மாத்தா, அதாவது தலை என்பதிலிருந்து வந்தது. தலைக்கு இவ்வளவு என்று பிரித்து வாங்குவது. ஆகவே ஒரே சொல் இரண்டு தளங்களில் இயங்கியது. மேல்தளத்தில் அது அரசின் வெளிப்படையான வரவு. கீழ்த்தளத்தில் எழுதப்பட்டும் எழுதப்படாமலும் இருந்த வசூல். கீழ்த்தளத்தை மட்டும் பார்ப்பவர் ‘சட்டவிரோதம்’ என்கிறார். மேல்தளத்தை மட்டும் பார்ப்பவர் ‘வரி’ என்கிறார். என் முதல் இரண்டு மொழிபெயர்ப்புகளும் தோற்றது இதனால்தான்.

கீழ்த்தளம் வெடித்த இடங்களுள் ஒன்று ரங்கபூர். 1783 ஜனவரியில், இஜாராதார் தேவி சிங்கின் வசூல்களுக்கும் நாணய மாற்று வட்டங்களுக்கும் எதிராகக் குடியானவர்கள் எழுந்தனர். அந்த எழுச்சிக்குத் திங் என்று பெயர். பின்னாளில் வாரன் ஹேஸ்டிங்ஸ்மீதான குற்ற விசாரணையில் எட்மண்ட் பர்க் இந்த வசூலின் கொடுமைகளைப் பேசியதால் ரங்கபூர் உலகறிந்தது. எனக்கு வேறொன்று முக்கியம். கூடுதல் வசூலை எதிர்த்து எழுந்தவர்கள், எழுச்சியை நடத்தும் செலவுக்காகத் தங்களுக்குள் ஒரு தொகை பிரித்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் திங்-கர்ச்சா, எழுச்சிச் செலவு. இதை எள்ளலாகச் சொல்லவில்லை. பொதுச் செலவு ஒன்று வந்தால் அதற்கொரு பெயரிட்டு, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது அந்த நிலத்தின் பொது அறிவாக இருந்தது. அந்த அறிவைத்தான் நவாபும் ஜமீன்தாரும் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பெயரைத் தாங்களே இட்டுக்கொண்டபோது அது அவர்களுடைய செலவு. பிறர் இட்டபோது அப்வாப்.

1765இல் திவானி கும்பினியிடம் வந்தபின், 1772இல் ஹேஸ்டிங்ஸ் காலத்து விதிகள் திருமணத்துக்கான ஹல்தாரி போன்ற சிலவற்றை நீக்கின. ஆனால் முழுமையாகக் கதவடைக்க முயன்றது 1793ஆம் ஆண்டின் எட்டாம் ஒழுங்குவிதி. அதன் 54ஆம் பிரிவு, இருக்கின்ற அப்வாப், மாதோட் அனைத்தையும் அசலோடு சேர்த்து ஒரே தொகையாக ஆக்கிவிடச் சொன்னது. 55ஆம் பிரிவு, இனிப் புதிதாக எதையும் எந்தப் பெயரிலும் விதிக்கக் கூடாது என்றது. மீறினால் வாங்கியதைப் போல மும்மடங்கு தண்டம். வருவாய் வரலாற்று நூல்கள் இவ்விரு பிரிவுகளையும் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. ஆனால் 54ஆம் பிரிவு செய்ததை உற்றுப் பாருங்கள். அது அப்வாபை ஒழிக்கவில்லை. பழைய அப்வாப் முழுவதையும் அசலாக்கியது. நேற்றுவரை கூடுதல் என்று குடியானவர் முணுமுணுத்த தொகை, மறுநாள் வேராகிவிட்டது. முணுமுணுக்க ஒரு பெயர்கூட இல்லாமற்போயிற்று.

இதன் சட்டத் தருக்கம் ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் முழுதாக வெளிப்பட்டது. திலுக்தாரி சிங் – சுல்ஹான் மஹ்தோ வழக்கில், நெடுங்கால வழக்கமாக வாங்கிவந்த அப்வாபைக் குத்தகையின் பகுதியாகவே கோரினார் நிலக்கிழார். 1885இல் கல்கத்தா உயர்நீதிமன்ற முழு அமர்வும், மேல்முறையீட்டில் 1889இல் பிரிவி கவுன்சிலும் அதை ஏற்கவில்லை. 1793க்கு முன்பே இருந்ததென்றால் 54ஆம் பிரிவின்படி அசலோடு சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால் வாங்க முடியாது. 1793க்குப் பின் வந்ததென்றால் 55ஆம் பிரிவு தடுக்கிறது. தொன்மையைச் சொன்னாலும் தோல்வி, புதுமையைச் சொன்னாலும் தோல்வி. குடியானவருக்கு இவ்வளவு துல்லியமாக உதவிய தருக்கம் அந்த நூற்றாண்டில் அரிது. ஆனால் அதைப் பயன்படுத்த அவர் கல்கத்தாவரை, சில வேளை இலண்டன்வரை வழக்காட வேண்டியிருந்தது. 1885 சட்டத்தின் 75ஆம் பிரிவு தந்த நிவாரணமோ ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தால் இருநூறு ரூபாய் வரை, அல்லது வாங்கியதன் இருமடங்கு. அதே ஜமீன்தாரின் நிலத்தில் அடுத்த ஆண்டும் உழ வேண்டியவர் வழக்குத் தொடுப்பாரா என்பதைப் பங்கிம் சந்திரர் 1872இல் வங்கதர்சனில் வங்க நாட்டு உழவரைப் பற்றி எழுதிய கட்டுரைத் தொடரைப் படித்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அவரே ஒரு துணை நீதிபதி. நீதிமன்றம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அறிந்தவர்.

இதற்கிடையில் அரசே 1871இல் வங்காளத்தில் சாலை செஸ் சட்டம் கொண்டுவந்தது. ஜமீன்தார் வழியே வசூல். சட்டப்படிப் பாதி குடியானவர் பங்கு. அப்வாப் என்பதை அதிகாரிகள் ஆங்கிலத்தில் எழுதும்போது கையாண்ட சொல்லும் செஸ் என்பதே. ஒரு கையால் செஸ்ஸைத் தடுத்துக்கொண்டு மறுகையால் செஸ் வாங்கினார்கள். 1873இல் பாப்னா மாவட்டத்தில் குடியானவர் சங்கம் அமைத்துப் போராடியபோது எதிர்த்தவற்றுள் முதன்மையானது, ஜமீன்தார்கள் அப்வாபைக் குத்தகையோடு கலந்து ஒரே தொகையாக எழுதிவாங்க முயன்றது. அதாவது 54ஆம் பிரிவு ஒருமுறை அரசாணையால் செய்ததை, இவர்கள் தனியாரின் கையொப்பத்தால் மீண்டும் செய்ய முனைந்தார்கள். இம்முறை குடியானவர்கள் விழித்திருந்தார்கள். தலைப்பு தனியே இருக்கும்வரைதான் மறுக்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மொழியியல் மாணவனாக எனக்கு இவற்றில் எல்லாம் பெரிய சான்று சம்பாரணில் கிடைத்தது. பெத்தியா சமஸ்தானத்திலிருந்து ஊர்களைக் குத்தகைக்கு எடுத்திருந்த அவுரித் தோட்டத் துரைமார்கள், அவுரி விளையாத வடபகுதிகளில் அப்வாபையே வருவாயாக வைத்திருந்தார்கள். ராஜேந்திர பிரசாத் சம்பாரண் போராட்டம் பற்றிய தம் நூலில் இவற்றைப் பெயர் பெயராகத் தருகிறார். குதிரை வாங்கினால் கோராஹி. யானை வாங்கினால் ஹதியாஹி. மோட்டார் வாங்கினால் மோட்டராஹி. மோட்டாருக்கு அன்று காற்றுவண்டி என்ற பொருளில் ஹவாகாடி என்று பெயர் வழங்கியதால் ஹவாஹி என்றும் சொன்னார்கள். பகுவா எனும் ஹோலிக்கு பகுவாஹி. மாம்பழத்துக்கு ஆமாஹி, பலாப்பழத்துக்குக் கடஹலாஹி. தந்தை இறந்து மகன் பெயரில் நிலம் மாறினால் பபாஹி-புதாஹி. துரைக்குப் புண் வந்து மருத்துவம் பார்த்தால், அந்தச் செலவுக்குக் கவாஹி. காவ் என்றால் புண். அடுப்புக்குச் சூல்ஹியாவன், கரும்பாலைக்குக் கோல்ஹுவாவன். பணம் செலுத்தியதற்கான தீர்வைச் சீட்டுக்கும் ஒரு கட்டணம், ஃபார்க்கதி.

வகுப்பு ஒன்றில் இந்தப் பட்டியலை வாசித்தபோது மோட்டராஹியில் சிரிப்பு எழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வடக்குப் பீகாரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “இலக்கணத்தைக் கவனித்தாயா?” என்று பின்னர் கேட்டார். அவர் கேட்டதற்குப் பிறகே கவனித்தேன். -ஆஹி, -ஆவன் என்னும் விகுதிகள் போஜ்பூரியில் எந்தப் பெயர்ச்சொல்லோடும் சேர்ந்து ‘அது பொருட்டான வசூல்’ என்ற புதுச் சொல்லைத் தரத் தயாராக இருந்தன. 1920–21இல் அவத்தின் விவசாயிகள் கிளர்ந்தபோது முறையிட்டவற்றிலும் ஹதியாவன், மோட்டராவன் என்று அதே வார்ப்பு. அகராதியில் ஒரு சொல்லைத் தடுத்துவிடலாம். ஆக்கமுள்ள விகுதியைத் தடுக்க முடியாது. துரை நாளை எதை வாங்கினாலும், அவருக்கு என்ன நோய் வந்தாலும், அதற்குரிய அப்வாபின் பெயர் மொழிக்குள் முன்கூட்டியே அமைந்திருந்தது. கேட்ட குடியானவருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு. 1793இலும் 1885இலும் சட்டத்தை எழுதியவர்கள் ‘அவை போன்ற வேறு பெயர்கள்’ என்று ஏன் சேர்த்தார்கள் என்பது இங்கே புரிகிறது. அவர்கள் பெயர்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

ஃபிராங்க் ஸ்லை தலைமையில் காந்தியும் உறுப்பினராக இருந்த சம்பாரண் விசாரணைக் குழு 1917 அக்டோபரில் அறிக்கை தந்தபோது, அப்வாப் சட்டத்துக்குப் புறம்பானது என்பதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அது 124 ஆண்டுகளாகவே அப்படித்தான் இருந்தது. குழுவின் முன் வந்து குடியானவர்கள் செய்தது, கணக்கேட்டிலும் சீட்டிலும் இல்லாத அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னது. பட்டியல் நமக்கு எஞ்சியிருப்பது அவர்களால்தான். அதைப் படித்துச் சிரித்ததற்காகச் சற்று வெட்கமும் உண்டு.

ஜமீன்தாரி முறை ஒழிந்தபின் அப்வாப் என்ற சொல் நடைமுறைச் சட்டத்திலிருந்து விடைபெற்றுவிட்டது. அதன் ஆங்கில நிழலான செஸ் நம்மோடு இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 80ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின், ஒன்றிய அரசின் வரிகள் மாநிலங்களோடு பகிரப்படும்போது செஸ்ஸும் கூடுதல் தீர்வையும் அந்தப் பகிர்வுக்கு வெளியே நிற்கின்றன. அசல் எது, தலைப்பு எது என்ற வழக்கு இப்போது வேறு தரப்பினரிடையே நடக்கிறது. பொருளியலார் எழுதட்டும், எனக்கு அங்கே உரிமையில்லை.

மீண்டும் 74ஆம் பிரிவுக்கு. சோழர் கல்வெட்டுகளின் ஆயம், அந்தராயம், உபாதி போன்ற சொற்களுள் ஒன்றை எடுத்து ஆளலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவை வேறொரு நில அமைப்பின் சொற்கள், அவற்றுக்கே இன்னும் உரை வேண்டியிருக்கிறது. கடைசியில் விடை கண்முன்னே கிடந்தது. அதே பாப் என்னும் சொல்லின் கிளையான பாபத் பாரசீகம் வழியாகத் தக்காணத்துக்கும் தெற்குக்கும் வந்தது. மராட்டியத்தில் சௌத் தொகையில் அரசருக்கென்று ஒதுக்கிய கால்பங்கு பாப்தி. தமிழில் அது பாபத்து. ‘இந்தப் பாபத்தில் இவ்வளவு செலவு’ என்று பழைய கணக்கர்கள் எழுதினார்கள். இனம், வகை என்பதற்கு மேல் அதில் வேறு நிறம் ஏறவில்லை. அதே கதவுதான், ஆனால் தமிழில் அது வெறும் கணக்குத் தலைப்பாகவே நின்றுவிட்டது. வங்காளத்தில் அது குடியானவரின் நெஞ்சில் ஏறிய சுமையாயிற்று. ஆகவே பாபத்து என்று பெயர்த்தால் மூலப்பொருள் கிடைக்கும். வங்காளத்தின் வரலாறு கிடைக்காது.

தொகுப்பில் அப்வாப் என்றே விட்டிருக்கிறேன். பாபத்துக்கு உறவான சொல் என்று ஓர் அடிக்குறிப்பு மட்டும். ‘அவை போன்ற வேறு பெயர்களில்’ என்ற நீண்ட தொடருக்குத் தமிழில் ஒரே சொல் உண்டு. அதுவும் அதே அரபு, பாரசீகக் கணக்கேட்டிலிருந்து நமக்கு வந்ததுதான். எனவே என் வரைவில் அந்த வரி இப்போது இப்படி நிற்கிறது: குத்தகைக்கு மேல் விதிக்கப்படும் ‘அப்வாப், மாதோட் வகையறா’ செல்லாது.

வீட்டில் பழைய ஜமீன் கணக்குகளோ, மடம், கோயில் நிலக்கணக்குகளோ வைத்திருப்பவர்கள் அவற்றில் பாபத்து என்ற சொல் எந்தெந்த இனங்களுக்கு முன் வருகிறது என்று பார்த்துச் சொன்னால் மகிழ்வேன். ஒரு வரி போதும். ஆண்டும் ஊரும் சேர்த்து.